குரும்பைத் தீவில் நான்கு இரவுகள்

நிக்டியில் வாழும் புதுமணத் தம்பதியர் மாலத்தீவின் சொகுசு விடுதியொன்றில் நான்கு இரவுகள் தங்கப் புறப்படுமுன் என்னிடம் ஆலோசனை கேட்டனர். அவர்களுக்குச் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

அந்நாட்டின் முதல் உல்லாச விடுதி, 1972 அக்டோபரில் திறக்கப்பட்ட குரும்பா. திவேகி மொழியில் அது இளநீர்க்காயின் பெயர். நமது 'குரும்பை'யை நினைத்துக்கொள்ளுங்கள். அன்று பவளக்கல் சுவரும் தென்னங்கீற்றுக் கூரையுமே விருந்தினருக்குக் கிடைத்தன. இன்று அது ஐந்து நட்சத்திர விடுதி.

இத்தகைய விடுதிகளில் காலையில் 'மாஸ் ஹுனி' கேட்டு வாங்குங்கள். சூரை மீன், தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய் சேர்த்துப் பிசைந்தது. உடன் நம் சப்பாத்தியைப் போன்ற 'ரோஷி' வரும். தூத்துக்குடியாருக்கு இச்சுவை அந்நியமன்று. நாம் அறிந்த மாசிக் கருவாடு அத்தீவுகளின் சரக்கே. நம் தோணிகள் நெடுங்காலம் அங்கே சென்று வந்தன.

இரவில் 'போடுபெரு' என்னும் பெருமுரசு முழங்கும். முழக்குகிறவருக்கோ அது சொந்த ஊரன்று. விடுதிகள் ஆளில்லாத் தீவுகளில் எழுந்தவை. ஊழியர் பலர் மனைவி மக்களை வேறு தீவுகளில் விட்டு வந்தவர்கள். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, பிம்ப்ரி-சிஞ்ச்வட் தொழிற்சாலைகளை நம்பி நிக்டியில் அறையெடுத்துத் தங்கிய நம்மவருக்கு அந்த ஏக்கம் தெரியும்.

மக்கள் குடியிருக்கும் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் பெருகியது 2009க்குப் பின்னரே. ஆகவே ஓர் இரவையாவது மாஃபுஷி போன்ற தீவில் கழியுங்கள் என்றேன். அங்கே மது விற்பதில்லை. அதனால் நமக்கு நட்டமென்ன? தெருவோரம் 'ஜோலி' என்னும் கயிற்றுவலை நாற்காலியில் அமர்ந்திருக்கும் முதியவரிடம் 'குரும்பை' என்று சொல்லிப் பாருங்கள்.