களைக்கும் கோரை, விலைக்கும் கோரை

பெங்களூரில் லால்பாக்கை ஒட்டிய சித்தாபுரத்தில் நர்சரிகள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. 1760-ல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம் லால்பாக். அந்த வட்டாரத்தில் செடி வளர்த்துப் பிழைத்தவர்களில் தமிழ் வழி வந்த திகளர்கள் முக்கியமானவர்கள். பெங்களூர் கரகத் திருவிழா அவர்களுடையது. நான் போன நர்சரியின் வேலையாட்களோ கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம். கன்னடத்தில் விலை சொல்கிறார்கள், தமிழில் திட்டிக்கொள்கிறார்கள்.

ரோஜாக் கவர்களில் முளைத்த கோரையைக் கிழங்கோடு பிடுங்கிக்கொண்டிருந்தார் ஓர் அக்கா. அவர் முதுகுக்குப் பின்னால் விற்பனைக்கு நின்றவையும் கோரைகளே. அவற்றில் ஒன்றை அம்ப்ரெல்லா பாம் என்று கேட்டு வாங்குகிறார்கள். பனைக்கும் அதற்கும் உறவில்லை, மடகாஸ்கர் பக்கத்துக் கோரை. பக்கத்தில் ஆப்பிரிக்காவின் பேப்பிரஸ்.

“இதைப் பிடுங்குறீங்க, அதை விக்கிறீங்களே அக்கா?”

“இது ஒண்ணு விட்டா பத்தாகும் சார். அதுவும் அப்படித்தான். ஆனா அது பத்தானா காசு.”

பத்தாக்குகிற வேலையைப் பார்த்தேன். வேர் பிதுங்கிய தொட்டியைச் சாய்த்துத் தட்டி, தூரை வெளியே இழுத்து, அரிவாளால் ஒரே போடாகப் பிளக்கிறார். நடுவில் கிடக்கும் கிழட்டுத் தூர் குப்பைக்கு. ஓரத்தில் புதுக்குருத்து உள்ள துண்டுகள்தான் தொட்டிக்கு. வெட்டிய அம்ப்ரெல்லா தண்டுகளையும் வீணாக்குவதில்லை. குடைத்தலையைக் கத்தரித்து வாளித் தண்ணீரில் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டால், சில வாரங்களில் அதன் நடுவிலிருந்து வேரும் குருத்தும் கிளம்பும்.

மண் விஷயத்தில் அவர் கறார். மாடித் தோட்டக்காரர்கள் எல்லாவற்றுக்கும் தேங்காய் நார்த்தூள் கேட்கிறார்கள், கனம் குறைவு என்பதால். கோரைக்காக ஓட்டையில்லாத தொட்டியில் தண்ணீர் நிறுத்தினால் அது மிதக்கும். அதனால் அவர் போடுவது செம்மண், மக்கிய சாணம், மேலே ஜல்லி. கொசுவுக்கு நாலு கப்பி மீன்.

தரையில் நடுவது எனக்கு அவ்வளவாக உடன்பாடில்லை. 2024 மார்ச்சில் குடிநீர் வாரியம் செடிக்குக் குடிநீர் ஊற்றத் தடை போட்டு, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்றது. அப்படிப்பட்ட ஊரில், ஈரம் கேட்கும் கோரையைத் திறந்த பாத்தியில் வைத்தால் ஊற்றுகிற தண்ணீரில் பாதி மண்ணுக்குள் போய்விடும். அடைத்த தொட்டியில் அந்த இழப்பு இல்லை. பாத்திதான் வேண்டுமென்றால் தொட்டியோடு புதைப்பது நல்லது. பேப்பிரஸின் கிழங்கு நிற்காமல் ஊர்ந்து பக்கத்துச் செடியின் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். காய்கறி கழுவிய தண்ணீரே இவற்றுக்குப் போதும். கழிவுநீரை வடிகட்டும் படுகைகளில் அம்ப்ரெல்லா கோரையை நடுவதே வழக்கம்தான்.

அப்போது ஓர் இளைஞர் ஆளுயரப் பேப்பிரஸைக் காட்டி விலை கேட்டார். அக்கா விலை சொல்லவில்லை.

“எத்தனாவது மாடி?”

“எட்டு.”

“காத்துல ஒடிஞ்சிரும் தம்பி. குட்டை ஜாதி இருக்கு, வெயில் வர்ற பக்கமா வைங்க.”

விலை குறைவான அதைத்தான் எடுத்துக் கொடுத்தார்.