திறவுகோலும் மறைமொழியும்

அரபு இலக்கணம் கற்கப் புகும் மாணவனுக்குத் தொடக்கத்திலேயே அறிமுகமாகும் சொற்களுள் ஒன்று 'மிஃப்தாஹ்'. 'ஃபதஹ' (திறந்தான்) என்னும் வினையிலிருந்து, கருவிப்பெயருக்குரிய 'மிஃப்ஆல்' என்னும் வாய்பாட்டில் பிறந்த சொல் அது. திறப்பதற்குரிய கருவி என்பது பொருள். தமிழில் 'திறவுகோல்' என்கிறோம். இங்கும் வினையும் கருவியும் இணைந்தே நிற்கின்றன. நாள்தோறும் நம் நாவில் புழங்கும் 'சாவி'யோ போர்ச்சுக்கீசியர் விட்டுச் சென்ற சொல். மூன்றும் சுட்டும் பொருள் ஒன்றே: இடுப்பில் செருகத்தக்க, தொலைந்தால் தேடத்தக்க ஓர் இரும்புத் துண்டு.

அந்த இரும்பு இப்போது மெல்ல மறைந்து வருகிறது. கோல் இருந்த இடத்தில் சொல் வந்து அமர்ந்திருக்கிறது. கண்ணுக்குப் புலப்படாத வானொலி அலையில் ஏறிச் செல்லும் ஓர் எண், கதவினிடம் போய்த் 'திற' என்கிறது, கதவும் திறக்கிறது. இத்தகைய திறவுகோலை ஒரு மோட்டார் சைக்கிளில் பொருத்த முற்பட்டபோது எழுந்த வினாக்களை வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

இராசபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் பெருவழியில், சேத்தூருக்கு அருகில் மேற்கு மலையின் அடிவாரத்தில் இருப்பது தேவதானம். கோயிலுக்கு விடப்பட்ட நிலத்தைக் குறிக்கும் சொல்லே ஊர்ப்பெயராகி நிற்கிறது. அவ்வூரில் என் தமக்கை வாழ்கிறார். அவருடைய மகன், அதாவது என் மருமகன், நூற்பாலை ஒன்றில் மின்பணி பார்ப்பவன். நெடும்பயணத்தில் தீராத நாட்டம் உடையவன். ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் 'ஹிமாலயன்' வண்டி ஒன்றை வைத்துக்கொண்டு, விடுமுறை கிடைக்குந்தோறும் செங்கோட்டையைக் கடந்து ஆரியங்காவு வழியாக மலையாள நாட்டுக்குள் சென்று திரும்புவான்.

அவ்வண்டியின் எடை ஏறத்தாழ 200 கிலோ. இருபுறமும் பைகள் தொங்கினால் இன்னும் மிகும். மழை கொட்டும் இரவில் வீட்டு வாசலில், சரிவான இடத்தில் அதனைச் சாய்த்து நிறுத்தி, நனைந்த கையுறையைக் கழற்றி, இரும்புக் கதவைத் தள்ளித் திறந்து, மறுபடியும் ஏறி உள்ளே செலுத்துவது எளிதன்று. ஆகவே கதவுக்கு மோட்டார் வைத்தான். அதனை இயக்கும் ரிமோட்டை வண்டியிலேயே பொருத்திவிட எண்ணினான்.

இந்த ஏற்பாடு மேலைநாடுகளில் பழையது. மேல்நோக்கித் தூக்கப்படும் வண்டிக்கொட்டகைக் கதவை 1921லும், அதனை மின்சாரத்தால் திறக்கும் பொறியை 1926லும் ஜான்சன் என்னும் அமெரிக்கர் உருவாக்கினார். பின்னர் வானொலி அலையால் திறக்கும் முறை வந்தது. தொடக்கத்தில் எல்லாக் கருவிகளும் ஏறக்குறைய ஒரே குறிப்பையே அனுப்பியதால், ஒருவர் தம் கதவைத் திறக்க, அண்டை வீட்டார் கதவும் சேர்ந்து திறந்த வேடிக்கை நிகழ்ந்தது. அதனைத் தவிர்க்கவே ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி எண் கொடுக்கும் வழக்கம் ஏற்பட்டது.

நம் நாட்டில் இத்தகைய சிறு கருவிகள் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ் அலையில் பேசுகின்றன. குறைந்த ஆற்றலுடையவையாக இருந்தால் அவற்றுக்கு உரிமம் வேண்டியதில்லை. மருமகன் நகரத்துக் கடை ஒன்றில் மோட்டாரும் ரிமோட்டும் வாங்கி வந்தான். "தொலைந்தாலும் கவலையில்லை மாமா. எந்தக் கடையிலும் ஒரு நிமிடத்தில் நகல் எடுத்துக் கொடுத்துவிடுவார்களாம்" என்று மகிழ்ச்சியுடன் கூறினான்.

"உன் கருவியை நீ நகலெடுக்க முடியுமானால், நீ பொத்தானை அழுத்தும்போது அருகில் நிற்கும் இன்னொருவனும் நகலெடுக்க முடியும் அல்லவா?" என்று கேட்டேன். அவன் விடை கூறவில்லை. கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இவ்வினா எனக்குத் தோன்றியதற்கு மின்னியல் அறிவு காரணமன்று. அலிபாபா கதையே காரணம். 1956இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த வண்ணப்படத்தின் வாயிலாகத் தமிழ்நாட்டுச் சிறுவர்க்கெல்லாம் மனப்பாடமான கதை அது. ஹலப் நகரத்து ஹன்னா தியாப் என்பவர் 1709இல் பாரிசில் கூற, கலான் என்னும் பிரெஞ்சு அறிஞர் அதனைத் தம் ஆயிரத்தோர் இரவுகள் மொழிபெயர்ப்பில் சேர்த்தார். கள்வர் தலைவன் எள்ளின் பெயரைச் சொல்லிக் குகையைத் திறக்கிறான். மரத்தின்மேல் ஒளிந்திருந்த அலிபாபா அதனைக் கேட்கிறான். பிறகு தானும் அப்படியே சொல்கிறான், குகை திறக்கிறது. குகைக்கு ஆளைத் தெரியாது, சொல்லை மட்டுமே தெரியும். அலிபாபா அந்தச் சொல்லை ஊகித்து அறியவில்லை என்பதை நாம் கருத வேண்டும். அவன் கேட்டான், திருப்பிச் சொன்னான். அவ்வளவே.

ஊகித்தறியும் வழியும் உண்டு. எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த இலக்கண மேதை கலீல் இப்னு அஹ்மத், அரபு மொழியின் சொற்களையெல்லாம் ஓர் அகராதிக்குள் அடக்க விரும்பியபோது, எழுத்துகளை எத்தனை வகையில் மாற்றி அடுக்கலாம் என்று கணக்கிட்டார். மூன்றெழுத்து வேருக்கு 6 வடிவங்கள், நான்கெழுத்துக்கு 24, ஐந்தெழுத்துக்கு 120. எல்லா வடிவங்களையும் வரிசையாக எழுதிவிட்டால் இருக்கும் சொல் எதுவும் தப்ப முடியாது என்பது அவர் கண்ட நெறி. பழைய ரிமோட்டுகளைத் திறக்கக் கள்வன் கைக்கொள்ளும் நெறியும் இதுவே. அவற்றினுள் 8 முதல் 12 வரை சிறு சுவிட்சுகள் இருக்கும். எட்டு இருந்தால் 256 எண்கள். பன்னிரண்டு இருந்தால் 4,096. எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிப் பார்த்தால் ஒன்று பொருந்தியே தீரும். 2015இல் சாமி கம்கார் என்னும் அமெரிக்க ஆய்வாளர், சிறுவர் விளையாட்டுக் கருவி ஒன்றை மாற்றியமைத்து, இத்தகைய கதவுகளைப் பத்து விநாடிக்குள் திறந்து காட்டினார். தம் கருவிக்கு அவர் சூட்டிய பெயர் குகையைத் திறந்த அந்த எள் மந்திரத்தின் ஆங்கில வடிவமே.

இன்று கடைகளில் கிடைக்கும் மலிவான வகைகளில் எண்களின் தொகை பத்து லட்சத்தைத் தாண்டும் என்பது மெய். ஆயினும் என்ன? ஒட்டுக் கேட்பவனுக்கு ஊகிக்கும் வேலையே இல்லை. எண் எவ்வளவு பெரிதாயினும் அது மாறாமல் இருக்குமாயின், ஒருமுறை கேட்டது என்றைக்கும் பயன்படும்.

ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்கிந்தி, மறைமொழிகளை வெளிக்கொணரும் கலைபற்றி ஒரு நூல் எழுதினார். எழுத்துகளை மாற்றி எழுதி மறைத்தாலும், மொழியில் மிகுதியாக வரும் எழுத்து மறைப்பிலும் மிகுதியாகவே வரும்; எண்ணிப் பார்ப்பவனிடம் அது தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும் என்பது அவர் நிறுவிய உண்மை. திரும்பத் திரும்ப வருவதே மறைமொழியின் பலவீனம். எழுத்துக்குப் பொருந்துவது எண்ணுக்கும் பொருந்தும்.

இதற்கு மாற்றாக அமைந்ததே உருளும் எண் முறை. கதவின் பெட்டிக்கும் கையிலுள்ள கருவிக்கும் ஓர் இரகசியமும் ஒரு கணக்கும் பொதுவாக இருக்கும். பொத்தானை அழுத்துந்தோறும் கணக்கு ஒன்று கூடும். அதற்கேற்பப் புதிய எண் பிறக்கும். ஒருமுறை ஏற்கப்பட்ட எண் அத்துடன் இறந்துவிடும். கேட்டவன் திருப்பிச் சொன்னால் கதவு செவி சாய்க்காது. மருமகன் பழைய பெட்டியை விலக்கி இந்த வகைப் பெட்டியை வைத்தான். இதற்கு நகல் எடுக்கும் கடை உதவாது. பெட்டியில் உள்ள 'கற்றல்' பொத்தானை அழுத்திவிட்டுப் புதிய கருவியின் பொத்தானை அழுத்தினால்தான் அது அறிமுகமாகும். அப்பெட்டி இருப்பதோ வீட்டுக்குள்ளே. ஆகவே யாருக்குத் திறவுகோல் தருவது என்பது வீட்டில் இருப்பவர் முடிவாகிறது.

அடுத்து வண்டியில் பொருத்தும் வேலை. ரிமோட்டைக் கைப்பிடியில் ஒட்டி வைப்பது எளிது. ஆனால் தெருவில் நிறுத்திய வண்டியிலிருந்து எவனும் அதனை அழுத்தலாம், பெயர்த்தும் கொண்டுபோகலாம். ஆகவே கருவியைப் பிரித்து, பொத்தானின் இருமுனைகளிலும் கம்பி பற்றவைத்து, ஒரு சிறு ரிலேயின் வழியாக இணைத்தான். ரிமோட் தன் 3 வோல்ட் வில்லை மின்கலத்திலேயே இயங்கும். வண்டியின் 12 வோல்ட் ரிலேயை மட்டும் தூண்டும். அம்மின்சாரமும் வண்டிச் சாவியைத் திருப்பினால் மட்டுமே உயிர்பெறும் கம்பியிலிருந்து, ஃபியூஸ் வழியாக எடுக்கப்பட்டது. உலோகம் அலையைத் தடுக்குமாதலால், நீர்புகாப் பெட்டியிலிட்டுப் பிளாஸ்டிக் மூடிக்குக் கீழே வைத்தான்.

எந்தப் பொத்தானால் இயக்குவது என்பதில் சிக்கல் வந்தது. எதிரே வருவோர்க்கு முகவிளக்கை மின்னிக் காட்டும் பொத்தானுடனேயே இணைத்துவிட்டான். விளக்கு மின்னினால் கதவு திறந்தது. பார்க்க அழகாகவே இருந்தது. ஆனால் குற்றாலம் சென்று திரும்பிய அன்று கதவு முதல் மின்னலுக்கு அசையவில்லை. காரணம் பிறகு விளங்கியது. வழிநெடுக அவன் விளக்கை மின்னியபோதெல்லாம் ரிமோட்டும் பேசிக்கொண்டே வந்திருக்கிறது. கணக்கு முன்னே ஓடிவிட்டது. சிலவகைப் பெட்டிகள் 16 எண்கள் வரை முந்தியிருந்தால் உடனே ஏற்கும். அதற்கு மேலாயின் அடுத்தடுத்த இரண்டு எண்களைக் கேட்டு உறுதிசெய்த பின்னரே ஏற்கும்.

திறக்கத் தாமதமாவது பெரிய தீங்கன்று. வழியில் சிந்திய எண்களே தீங்கு. அவற்றைக் கதவு இன்னும் கேட்கவில்லை; ஆகவே அவை இறக்கவில்லை. யாரேனும் பதிந்து வைத்துக்கொண்டால், அடுத்த முறை நாம் கதவைத் திறப்பதற்குள் வந்து பயன்படுத்தலாம். இதனை ஒத்த தந்திரத்தையும் கம்கார் 2015இல் காட்டினார்: கதவுக்குக் கேட்காதபடி அலையைக் குழப்பி, முதல் எண்ணைக் களவாடி, உரிமையாளர் மீண்டும் அழுத்தும்போது அதனையும் பிடித்துக்கொண்டு, முதல் எண்ணை மட்டும் கதவுக்கு அனுப்பும் கருவி. இரண்டாவது எண் கள்வன் கையில் தங்கிவிடும். உள்ளே வந்தபின் அதே பொத்தானால் கதவை மூடுவது நல்ல பழக்கம். பின்வந்த எண்ணைக் கதவு ஏற்றுக்கொண்டால் முன்னது செல்லாது. மருமகன் விளக்குப் பொத்தானிலிருந்து கம்பியை விடுவித்து, இடக்கைப் பிடியருகே தனிப் பொத்தான் வைத்தான். மறைமொழி உரிய வாசலில் மட்டுமே சொல்லப்பட வேண்டியது.

வேலை முடிந்தது என்று நாங்கள் எண்ணியபோது, அதுவரை பேசாதிருந்த தமக்கையார் பேசினார். "தம்பி, இத்தனை நாளும் ஹார்ன் சத்தம் கேட்டு நான்தான் கதவைத் திறந்தேன். இப்ப முழங்கால் வலிக்குதுதான், இல்லேங்கல. ஆனா, யாரு வர்றான்னு எனக்குத் தெரியாமலே கதவு திறந்தா, இது வீடா, சந்தையா?"

என் படிப்பு அனைத்தும் அந்த ஒரு வினாவின் முன் தலைகுனிந்தது. பிறர் இல்லத்துள் அனுமதி பெற்று, ஸலாம் கூறி நுழைய வேண்டும் என்று அந்நூர் அத்தியாயம் பணிக்கிறது. தாய் இருக்கும் இடத்துக்கும் மகன் அனுமதி கேட்டே செல்ல வேண்டும் என்பது நபிமொழி. இதனை ஆண்டுதோறும் மாணவர்க்குப் பாடமாகச் சொல்லி வருகிறேன். சாவி வைத்திருப்பது வேறு, அனுமதி கேட்பது வேறு. நாங்கள் மூன்று வாரமாகக் கள்வனைப் பற்றியே பேசினோம். உள்ளே இருப்பவரைப் பற்றிப் பேசியவர் அவர் ஒருவரே.

மருமகன் மறுநாளே இரண்டு காரியங்கள் செய்தான். கதவு அசையத் தொடங்கும்போதே அடுக்களையில் ஒரு மணி ஒலிக்குமாறு கம்பி இழுத்தான். கதவின் குறுக்கே ஆளோ குழந்தையோ நின்றால் மூடாமல் திரும்பிவிடும் ஒளிக்கற்றைக் காவலும் வைத்தான். ஏதேனும் இடையில் சிக்கினால் திரும்பிவிடும் காவல், அமெரிக்காவில் வீட்டுக் கொட்டகைக் கதவுப் பொறிகளுக்கு 1993 முதல் கட்டாயம். மின்சாரம் நின்றால் மோட்டாரை விடுவித்துக் கையால் தள்ளுவதற்குரிய சாவியைத் தமக்கையாரிடமே ஒப்படைத்தான். பெயர் சொல்லத்தக்க இரும்புச் சாவி அது ஒன்றுதான் அவ்வீட்டில் இனி உண்டு.

பொறிகளை வேண்டாமென்று ஒதுக்குவது அறிவாகாது. மழையில் நனைந்து வருபவனுக்கு அது பேருதவி. ஆனால் வண்டியில் இருப்பவன் வாசலில் நிற்பது இரண்டு நிமிடம்; வீட்டில் இருப்பவர் அக்கதவை நம்பி உறங்குவது இரவு முழுவதும். ஆகவே திறவுகோலின் வசதியை வெளியே நிற்பவன் அளக்கலாம். அதன் தகுதியை உள்ளே இருப்பவரே அளக்க வேண்டும். இரும்பாயினும் எண்ணாயினும் இந்த அளவுகோல் மாறுவதில்லை.