இடைப்பட்ட கணம்

நிலைமொழியும் வருமொழியும் தனித்து நிற்குங்கால் வழுவின்றி யிருப்பினும், புணருமிடத்தே வழுத் தோன்றுதல் உண்டென்பதை இலக்கணம் பயில்வோர் அறிவர். கணிப்பொறியினுள்ளும் அத்தகைய வழு உண்டென அறிந்து நாம் வியப்புற்றோம். செயல்கள் ஒன்றையொன்று முந்துதலால் விளையும் அதனை வல்லார் ‘ரேஸ் கண்டிஷன்’ என்பர். ஈண்டு ஒன்றனைக் கூறப் புகுகின்றோம்.

லினக்ஸ் இயக்கமுறைமையின் உட்கருவாகிய கெர்னல் நினைவகத்தைக் காப்பது. படித்தற்கு மட்டுமே உரிய கோப்பின் பக்கத்தைத் தனக்கெனப் பெற்ற நிரலொன்று அதில் எழுதப் புகுந்தால், கெர்னல் மூலத்தைக் கொடாது. படியொன்று எடுத்து அதில் எழுதச் செய்யும். இம்முறை நன்றே. ஆயின் படி யெடுத்தல் ஒரு செயல். அதனை மீண்டும் தேடி யெடுத்தல் மற்றொரு செயல். படி ஆயிற்றென்று கருதி, ‘எழுதுதற்கு’ என்னும் குறிப்பை நீக்கிவிட்டே கெர்னல் தேடிற்று. அவ்விடைவெளியில் அந்நிரலின் பிறிதோர் இழை படியை எறிந்துவிடின், கெர்னல் மூலத்தையே எடுத்து எழுதிவிடும். இங்ஙனம் எளிய பயனர் ஒருவர் கணிப்பொறி முழுமைக்கும் தலைவராகலாம். அதே கெர்னலைக் கொண்ட ஆண்டிராய்டு கைப்பேசிகளும் இவ்விடர்க்குத் தப்பவில்லை.

லினஸ் டோர்வால்ட்ஸ் இவ்வழுவை 2005-ஆம் ஆண்டிலேயே திருத்த முயன்றார். அத்திருத்தம் வேறொரு வகைப் பொறியில் இடர் விளைத்தமையின் மீளப்பெறப்பட்டது. ஏட்டளவில் மட்டுமே நிகழத்தக்கதாகத் தோன்றிய அவ்வழு, கெர்னல் வளர வளர எளிதில் நிகழ்வதாயிற்று. ‘டர்ட்டி கௌ’ எனப் பெயர் பெற்ற அது 2016 அக்டோபரில் வெளிப்பட்டபோது, தீயோர் அதனைக் கையாண்டு வந்தமையும் தெரிந்தது. திருத்தமோ சில வரிகளே: ‘எழுதுதற்கு’ என்னும் குறிப்பை நீக்காது, ‘படி யெடுத்தாயிற்று’ என்னும் தனிக் குறிப்பொன்று சேர்த்து, படி இன்னும் உளதா என நோக்கிய பின்னரே எழுத விடுதல். பெரும் பக்கங்களைக் கையாளுமிடத்து அத்திருத்தத்திலும் குறையிருந்தமை 2017-இல் அறியப்பட்டது.

அன்பர்காள்! அரிதில் நிகழ்வது நிகழாதது அன்று. நொடிக்குப் பல்லாயிரம் முறை முயலும் பொறிக்கு அரியதும் எளிதே. கைப்பேசிக்கு வரும் திருத்தங்களை ‘நாளை பார்ப்போம்’ எனத் தள்ளிவைக்கும் நண்பர் நம்மிடையே பலர். அச்சில வரிகளுள் பதினோராண்டுக் காலம் காத்திருந்த திருத்தமும் இருத்தல் கூடும் என அவர்கட்கு நினைவூட்ட விரும்புகின்றோம்.