தொண்டை நாட்டுத் தடங்கள் – 9: தோட்டநாவல் தாத்தா பாட்டி

உத்திரமேரூர் என்றாலே எல்லாருக்கும் குடவோலைத் தேர்தல்தான். சென்ற இதழில் நானும் அதைத்தான் எழுதினேன். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர், பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுச் சாசனங்கள், முப்பது குடும்பு, குடத்துக்குள் ஓலை. அத்தோடு ஊரை முடித்துக்கொண்டு வேடந்தாங்கலுக்குப் பஸ் ஏறியிருக்க வேண்டும். ஏறவிடாமல் செய்தவர்கள் கல்வெட்டு மண்டபத்தில் நின்றிருந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி.

வாட்ச்மேன்தான் கூப்பிட்டார். “யம்மா, உங்களுக்கு இங்கிலீஷ் வருமா? இவங்க இன்னாவோ கேக்கறாங்க, கொஞ்சம் சொல்லுங்களேன்.” என் மனைவி வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். விதிமுறை என்றால் விட மாட்டாள். வாரியம் என்ற ஊர்க் குழுவுக்கு நிற்கிறவர் சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். பழைய கணக்கை ஒப்படைக்காதவரும் அவருடைய சொந்தபந்தங்களும் நிற்க முடியாது. வயது 919ஆம் ஆண்டு சாசனத்தில் 30 முதல் 60, இரண்டே ஆண்டில் அதை 35 முதல் 70 என்று மாற்றினார்கள். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள்.

“எனக்கு 68. இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது” என்றார் அந்தக் கணவர்.

“நிலம் இருக்கா?”

“இருந்தது. இங்கே வருவதற்கு முன்னால் மகன் பேரில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.”

“அப்போ தகுதி போச்சு” என்றாள் இவள். அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டு, தோட்டநாவலில் இருக்கிறோம், வந்து ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று அழைத்தார். பெயரைப் போட வேண்டாம் என்று பிறகு கேட்டுக்கொண்டார்கள். போடவில்லை.

தோட்டநாவல் உத்திரமேரூர் வட்டத்துச் சிற்றூர். இந்தப் பக்கத்துச் சாலைகளில் கல் குவாரி டிப்பர்கள் இரவு பகலாக ஓடுகின்றன. ஷேர் ஆட்டோவில் போய் இறங்கும்போது புருவம்வரை புழுதி. டிரைவருக்கு வழி சொல்ல வேண்டியிருக்கவில்லை. “ஃபாரின்காரங்க இஸ்கூல்தானே? குந்துங்க சார்.”

அது ரைசிங் ஸ்டார் அவுட்ரீச் என்ற தொண்டு நிறுவனத்தின் வளாகம். உள்ளே பீரி மெட்ரிகுலேஷன் பள்ளியும் விடுதிகளும் இருக்கின்றன. தொழுநோய்க் காலனிகளில் பிறந்த பிள்ளைகளுக்காக ஏற்பட்டது. தொடங்கியவர் பெக்கி டக்ளஸ், அமெரிக்காவில் அட்லாண்டாக்காரர். அவருடைய மகள் ஆம்பர் இளம் வயதில் இறந்துபோனாள். இந்தியாவில் ஓர் அநாதை இல்லத்துக்கு அவள் பணம் அனுப்பிக்கொண்டிருந்தது அதன் பிறகுதான் வீட்டுக்குத் தெரிந்தது. பூ அனுப்பாதீர்கள், அந்த இல்லத்துக்குப் பணம் அனுப்புங்கள் என்று உறவினர்களிடம் கேட்டுக்கொண்டார்கள். அந்தப் பணம் போய்ச் சேர்ந்த இடத்தைப் பார்க்க வந்த தாய், சென்னைச் சாலையில் கார்க் கண்ணாடிக்கு வெளியே நீண்ட விரலில்லாத கைகளைப் பார்த்தார். அதிலிருந்து நிறுவனம் பிறந்தது. இங்கே அவருக்குக் கிடைத்த துணை பத்மா வெங்கட்ராமன், முன்னாள் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமனின் மகள். பிச்சைக்குப் போவதை விட்டு ஆடு, மாடு, பெட்டிக்கடை என்று பிழைக்கட்டும் என காலனிக்காரர்களுக்குச் சிறுகடன் கிடைக்க வழிசெய்தவர் அவர்.

நம் தம்பதி யூட்டா மாநிலத்துக்காரர்கள். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது அவர்களுடைய சபையின் முழுப்பெயர். மார்மன்கள் என்றால்தான் வெளியே தெரியும். பெக்கி டக்ளஸும் அதே சபைதான், என்றாலும் தோட்டநாவல் பள்ளி சபையின் கிளை அல்ல. அந்தச் சபையில் இளைஞர்கள் இரண்டு வருஷம் ஊழியத்துக்குப் போவது தெரிந்த சங்கதி. வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பெயர்ப் பட்டையுமாகச் சைக்கிளில் போகிற பையன்களைப் பல நாட்டார் பார்த்திருப்பார்கள். பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தம்பதிகளும் இப்படிப் போகிறார்கள். விமான டிக்கெட், சாப்பாட்டுச் செலவு எல்லாம் அவரவர் கைக்காசு, சம்பளம் கிடையாது. இவர்கள் வீட்டைப் பூட்டிச் சாவியை மகளிடம் கொடுத்துவிட்டு, ஒன்றரை வருஷத்துக்கு என்று வந்திருக்கிறார்கள். மதம் பேச வரவில்லை என்று அவரே முந்திக்கொண்டு சொன்னார். நான் கேட்க நினைத்ததும் அதுதான்.

இந்தச் சபைக்கு நம் பக்கம் புதிதல்ல. 1853இலேயே ரிச்சர்ட் பாலன்டைன், ராபர்ட் ஸ்கெல்டன் என்ற இருவர் கப்பலேறி மதராஸுக்கு வந்து பிரசங்கம் செய்து பார்த்தார்கள். கேட்க அதிகம் ஆளில்லை. பாலன்டைன் உடம்பு கெட்டு அடுத்த ஆண்டே கிளம்பிவிட்டார்.

இவர்களுக்கு வெயிலைவிடச் சிரமம் கொடுத்தது காப்பி. சபை விதிப்படி காப்பி, டீ, மது, புகையிலை எதையும் தொடக் கூடாது. நம் ஊரில் ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டு, கொடுத்த காப்பியை வேண்டாம் என்றால் என்ன அர்த்தம்? அதிலும் காலனிகளில். இவர்கள் போன ஒரு வீட்டுக் கிழவி டம்ளரை நீட்டினார். அந்த அம்மா கையைக் கூப்பி மறுத்தார். கிழவி ஒன்றும் சொல்லாமல் டம்ளரை உள்ளே எடுத்துப் போய்விட்டார். தொழுநோய் கண்டவர் கையால் கொடுத்ததை வாங்கவில்லை என்றுதான் அவர் நினைத்திருப்பார். வாழ்நாள் முழுக்க அவர் கண்டது அதைத்தானே. கூட வந்த நர்ஸ் சொன்னபிறகுதான் இவர்களுக்கு விஷயம் புரிந்தது. அந்த அம்மா எழுந்து அடுப்படிக்கே போய் அதே டம்ளரில் தண்ணீர் மொண்டு கொடுக்கச் சொல்லி வாங்கிக் குடித்தாராம். அன்றிலிருந்து போன இடத்தில் எல்லாம் முதல் வார்த்தை, “தண்ணி குடுங்கம்மா.” தமிழில் அவர் தடங்கலில்லாமல் சொல்கிற வாக்கியம் இது ஒன்றுதான். மெயின் ரோட்டு டீக்கடையில் இரண்டு பேருக்கும் பூஸ்ட். கேட்காமலே போட்டுவிடுகிறார்கள்.

மற்றதெல்லாம் போகப் போகச் சரியானதாம். வாளி, மக் குளியல் பழகிவிட்டது. சுவரில் பல்லி, கரண்ட் போனால் விசிறிமட்டை. தயிர்சாதம் கணவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, ரசம் மட்டும் இன்னும் இறங்கவில்லை. காலை ஏழு மணிக்குப் பேரப்பிள்ளைகளுடன் வாட்ஸ்அப். அங்கே அது முந்தைய நாள் சாயங்காலம். ஞாயிறு வழிபாட்டுக்குக் கார் வைத்துக்கொண்டு சென்னைக்குப் போகிறார்கள்.

வேலை என்ன என்று கேட்டபோது இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கணவர் வறண்ட யூட்டாவில் வாய்க்கால் பாசனத்தில் வளர்ந்தவர். 1847இல் அங்கே குடியேறிய அவர்களுடைய முன்னோர்கள் வந்த கையோடு ஓடையைத் திருப்பி நிலத்துக்குப் பாய்ச்சியவர்கள். தண்ணீர் முறை வைத்துப் பாய்ச்சுவது, மதகு, கரை எல்லாம் அவருக்கு அத்துப்படி. உத்திரமேரூரில் ஏரி வாரியம் என்று தனியாக ஒரு குழுவே இருந்தது என்று கேட்டதும் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். பல்லவர் காலத்து வைரமேகத் தடாகத்தின் கரையில் நடந்துவிட்டு வந்து, மதகைப் பற்றி என்னிடம் கேள்வி கேட்டே கொன்றுவிட்டார். அப்பேர்ப்பட்டவருக்கு இங்கே என்ன வேலை? ஏணி பிடிக்கிறார். குழாய், மோட்டார், ஃபேன் ரிப்பேரெல்லாம் பார்க்க ஊருக்குள்ளேயே ஓர் எலக்ட்ரீஷியன் இருக்கிறார். அவருக்கு இந்த வளாகத்து ஒவ்வொரு வயரும் தெரியும். “முதல் மாதம் என் யோசனைகளைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் தலையாட்டிவிட்டு அவர் வழியில் செய்வார், அது வேலை செய்யும். பிறகு ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.”

அந்த அம்மா ஊரில் பள்ளி ஆசிரியை. மத்தியானம் எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளைகளை மரத்தடியில் வைத்துக்கொண்டு இங்கிலீஷ் வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிறார். சாயங்காலம் அவருக்கு வேறு உத்தியோகம். விடுதிப் படிக்கட்டில் சின்னப் பெண்கள் மேல்படிக்கும் கீழ்படிக்குமாக உட்கார, ஆயாம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்துவிடுவார். பேன் சீப்பால் வாரி, எண்ணெய் வைத்து, வகிடெடுத்து, ரெட்டைச் சடை போட்டு, ரிப்பன் மடித்துக் கட்ட வேண்டும். நாங்கள் பார்த்த அன்று இந்த அம்மா கட்டிய ரிப்பன் நெகிழ்ந்து தொங்கியது. அந்தக் குட்டி தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “பாட்டி, டைட்டா” என்று அதட்டியது. ஆயாம்மா அவிழ்த்து, “இப்படிப் புடிங்கம்மா, இப்படி” என்று காட்டிக்கொடுத்தார். பாட்டி நல்ல மாணவியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோடை விடுமுறையில் வெளிநாட்டிலிருந்து கூட்டம் கூட்டமாகத் தொண்டர்கள் வருவது உண்டு. அவர்கள் கொண்டுவரும் உற்சாகத்தையும் பணத்தையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்றிரண்டு வாரம் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிற அண்ணன், அக்காக்களுக்குப் பிள்ளைகள் வருஷாவருஷம் டாட்டா காட்டுவது எனக்கு ஒப்பவில்லை. இந்தக் கிழத் தம்பதியும் போகிறவர்கள்தான். ஆனாலும் ஒரு பள்ளி ஆண்டு முழுக்கக் கூட இருக்கிறார்கள். எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் சிக்குகிறது என்பது தெரிகிற அளவுக்கு.

மறுநாள் நிறுவனத்து மருத்துவக் குழு ஒரு தொழுநோய்க் காலனிக்குப் போனது. எங்களையும் ஏற்றிக்கொண்டார்கள். வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள், எதிரே தண்ணீர் நிறைத்த பேசின்கள். எழுபது வயதிருக்கும் ஓர் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை உள்ளே வைத்தார். கால்விரல் ஒன்றுகூட இல்லை. நோய் குணமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. செத்துப்போன நரம்பு மட்டும் திரும்பவில்லை. உணர்ச்சியில்லாத பாதத்தில் முள் குத்தினாலும் தெரியாது, அடுப்புக் கங்கு பட்டாலும் தெரியாது. புண்ணாகிச் சீழ் வைத்த பிறகுதான் கண்ணில் படும். ஊறிய பாதத்தை நர்ஸ் மடியில் வைத்து, புண்ணைச் சுற்றித் தடித்த தோலைச் சுரண்டி எடுத்தார். கட்டுப் போட்டு முடிந்ததும் நம் யூட்டாப் பாட்டி அடுத்த காலைத் துடைத்து, ஈரம் காய்வதற்குள் எண்ணெய் தடவினார். மருத்துவம் முழுக்க நம் ஊர் நர்ஸ்களும் டாக்டரும்தான். அவருடைய பங்கு பேசினும் எண்ணெயும். கணவரோ எம்.சி.ஆர். செருப்புகளை வாரின் அளவு பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தார். அடியில் மெத்தென்ற ரப்பர் வைத்த, ஆணி அடிக்காத செருப்பு அது. ஆணி மேலே வந்தால் இந்தக் கால்களுக்குத் தெரியாது.

தூர தேசத்து ஆட்கள் வந்து வேர்பிடித்த கதைகள் இந்தச் செங்கல்பட்டுச் சீமையில் நிறைய உண்டு. ஸ்காட்லாந்துப் பாதிரி ஆடம் ஆண்ட்ரூ இங்குள்ள பறையர் மக்களுக்குத் தரிசு நிலம் வேண்டும் என்று அரசாங்கத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தார். 1891இல் கலெக்டர் ட்ரெமென்ஹீர் அதே மக்களின் நிலையை அறிக்கையாகக் கொடுக்க, 1892இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று இன்றைக்கும் வழக்காடுகிறோமே, அதன் தொடக்கம் இது. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் மெல்ரோசாபுரம் அந்தப் பாதிரி உண்டாக்கிய ஊர். செங்கல்பட்டை ஒட்டிய திருமணியில் 1924இல் லேடி வில்லிங்டன் பெயரில் தொழுநோய் இல்லம் வந்தது. ராபர்ட் காக்ரேன் என்ற டாக்டர் 1940களில் சல்ஃபோன் மருந்துகளைக் கொடுத்துப் பார்த்த இடம் அது. 1955இல் மத்திய அரசு எடுத்துக்கொண்டது, இன்று ஆராய்ச்சி நிலையம்.

அவர்களெல்லாம் பெரிய காரியங்கள் செய்தவர்கள். ஏணி பிடிக்கிறவரையும் எண்ணெய் தடவுகிறவரையும் அந்த வரிசையில் வைக்க மாட்டேன், அவர்களும் கேட்கவில்லை. எனக்கு உறைத்தது வேறு. உத்திரமேரூரிலிருந்து சென்னை காரில் இரண்டு மூன்று மணி நேரம். பென்ஷன் வாங்கிக்கொண்டு, காலையில் பூங்காவில் நடந்து, மாலையில் டி.வி. முன்னால் உட்காருகிற ஆசிரியர்கள், நர்ஸ்கள், கணக்கர்கள் அங்கே எத்தனை பேர்! பேன் சீப்பு பிடிக்க யூட்டாவிலிருந்தா ஆள் வர வேண்டும்? தமிழ் தெரிந்த பாட்டி வந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு இரட்டிப்பு லாபம். என் மனைவி வரும் ஜூனில் ஒரு மாதம் அங்கே போய்த் தங்கிக் கணக்கு சொல்லிக்கொடுக்கப் பேசிவிட்டு வந்திருக்கிறாள். என்னை அழைக்கவில்லை. ஏணி பிடிக்க ஏற்கெனவே ஆள் இருக்கிறதாம்.

கிளம்பும்போது அந்த நர்ஸ் ஒன்று எழுதச் சொன்னார். தொழுநோயை இந்தியா 2005இல் கட்டுக்குள் கொண்டுவந்தது, ஒழித்துவிடவில்லை. புதிதாக இன்றும் வருகிறது. உடம்பில் எங்காவது வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருந்து, அந்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால் தள்ளிப்போடாமல் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஆறு மாதம், அல்லது பன்னிரண்டு மாதம் கூட்டு மருந்து. முழுக்க இலவசம். சீக்கிரம் போனால் விரலும் மிஞ்சும்.