பாலைவனத்திலும் கரையான்

ராஜஸ்தான் தார் பாலைவனத்திலும் கரையான் இருக்கிறது என்றால் நம்புவீர்களா நண்பர்களே? அனகாந்தோடெர்மிஸ் என்று பெயர். நம்மூர்ப் புற்றிலுள்ள வேலைக்காரக் கரையானுக்குக் கண் கிடையாது; இதற்கு உண்டு. வெளியே வந்து காய்ந்த புல்லை நறுக்கி, மண்ணுக்கடியில் அறைகளில் சேர்த்து வைக்கும். மேலே மணல் கொதித்தாலும் கீழே குளுமை! நம்மூர்க் கரையானோ புற்றுக்குள் காளான் தோட்டமே போடுகிறது.

நல்லம்பள்ளியில் எங்க மண்சுவர் வீட்டில் அது நிலப் பட்டாவையே தின்றுவிட்டது. "அதுவும் பொழைக்கத்தானே திங்குது" என்றார் அப்பா. கைநாட்டு வைப்பவர். நகல் கேட்டு மனு எழுதியது நான். எங்க வீட்டு ஆள் சொந்தக் கையால் எழுதிய முதல் மனு அது. என் மார்க் ஷீட் இப்போது இரும்புப் பெட்டியில், செங்கல் மேல் இருக்கிறது.

சிவில் நண்பர்களே, அஸ்திவாரத்திலேயே கரையான் மருந்து அடிக்கும் முறையை ஐ.எஸ். 6313 சொல்கிறது. பரீட்சைக்கு மட்டும் அல்ல, நம்ம வீட்டுக்காகவும் படிப்போம்.