ஏரியைச் சுற்றி, அவரவர் வேகத்தில்

மே மாதத்தில் கொடைக்கானல் ஏரிப் பக்கம் எந்த விடுதியில் தங்கினாலும் காலை எட்டு மணிக்குக் கேட்கும் குரல் ஒன்றுதான்: “எல்லாரும் கிளம்பியாச்சா? வேன் வந்து நிக்குது!” ஒருவர் இன்னும் குளிக்கவில்லை. ஒருவருக்குக் குல்லாயைக் காணோம். பேரன் குதிரை சவாரி வேண்டுமென்று அழுகிறான். தாத்தாவுக்கு முழங்கால் வலி, ஆனால் “நான் வரலை” என்று சொன்னால் மகன் மனம் வருந்துவானே என்று ஷூவை மாட்டிக்கொண்டிருக்கிறார்.

பிறகு அந்த வேன் தூண் பாறை, குணா குகை, பைன் காடு என்று வரிசையாக ஏழெட்டு பாயிண்ட் காட்டும். ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படம் 2024இல் வந்த பிறகு குணா குகைக்குக் கூட்டம் இன்னும் கூடிவிட்டது. தூண் பாறை ஏறக்குறைய 400 அடி உயரம், பார்க்க வேண்டியதுதான். ஆனால் வண்டி நெரிசலில் ஊர்ந்து அங்கே போய்ச் சேரும்போது பனிமூட்டம் பாறையை முழுதாக விழுங்கியிருக்கும். வெள்ளைத் திரைக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். சாயங்காலம் அறைக்குள் ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்.

குடும்பமாகப் போவது என்றால் நாள் முழுக்க ஒட்டிக்கொண்டே திரிவது என்று யார் சொன்னார்கள்? வீட்டில் அப்படியா இருக்கிறோம்? காலையில் ஆளுக்கொரு திசையில் போகிறோம், இரவு சாப்பிடும்போது கூடுகிறோம், அன்றைய கதையைப் பேசுகிறோம். எல்லாரும் ஒரே வேனில் ஒரே பாறையைப் பார்த்துவிட்டு வந்தால், யார் யாருக்கு என்ன கதை சொல்வது?

இதற்கு அந்த ஏரி தோதான இடம். இயற்கையாக அமைந்தது அல்ல அது. மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச், 1863இல் ஓடைகளை மறித்து உண்டாக்கியது. சுமார் 60 ஏக்கர். நட்சத்திரம் மாதிரி கை கைகளாக நீண்டிருக்கும். சுற்றியுள்ள சாலை ஏறக்குறைய 5 கிலோமீட்டர். அந்தச் சாலையில் நடக்கிறவருக்கு ஒரு வேடிக்கை உண்டு. சைக்கிளில் முன்னால் போன பேத்தி எதிர்க்கரையில் தெரிவாள், கூப்பிட்டால் காதில் விழும் தூரம்தான். ஆனால் சாலை வழியாக அவளை எட்ட அந்தக் கை முழுவதும் வளைந்து போகவேண்டும். அவசரமே இல்லை. அவள் எங்கே போய்விடுவாள்? அந்தச் சாலை சுற்றிச் சுற்றி அங்கேயேதானே வந்து சேர்கிறது!

ஆகவே நான் சொல்லும் ஏற்பாடு இது. சந்திக்கும் இடம் படகுத்துறைப் பக்கம் ஏதாவது ஒரு பஜ்ஜிக் கடை. நேரம் பதினொன்று. அதுவரை அவரவர் விருப்பம். வாடகை சைக்கிள் கரையிலேயே கிடைக்கும், இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கிறதும் உண்டு. கல்லூரி படிக்கிற பிள்ளைகள் அதை எடுத்துக்கொள்ளட்டும். சின்னவன் குதிரை ஏறட்டும், அவனோடு பெரியவர் ஒருவர் கட்டாயம் போகவேண்டும். குழந்தைகளைத் தனியே விடச் சொல்லவில்லை, இரண்டிரண்டு பேராகப் பிரியத்தான் சொல்கிறேன்.

படகில் இரண்டு ஜாதி. மிதிபடகு இளசுகளுக்கு, சிரிப்பும் கத்தலுமாகப் பத்து நிமிடத்தில் கால் கடுக்கும். வயதானவர்களுக்குத் துடுப்புப் படகுதான் சரி. ஓட்டுகிறவர் உள்ளூர்க்காரர், ஏரியின் மூலை முடுக்கெல்லாம் தெரிந்தவர். அவரைப் பேசவிட்டு நீங்கள் சும்மா இருங்கள். எதில் ஏறினாலும் உயிர்காப்புச் சட்டையை மாட்டிக்கொள்ளவேண்டும். நீச்சல் தெரிந்த மருமகனுக்கும் இதில் விலக்கு கிடையாது.

நடக்க முடியாதவர் சங்கடப்படத் தேவையில்லை. ஏரிக்குக் கிழக்கே பிரையண்ட் பூங்கா, 20 ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். மே மாதம் மலர்க் கண்காட்சியும் அங்கேதான். பெஞ்சில் உட்கார்ந்து பூவைப் பார்க்கலாம். பூவைப் பார்க்க வந்து தங்களையே போட்டோ எடுத்துக்கொள்கிற ஜனங்களையும் பார்க்கலாம். எனக்கு இரண்டாவதுதான் அதிகம் பிடிக்கும்.

அறிவியல் பிடித்த பிள்ளை இருந்தால் சூரிய ஆய்வு நிலையத்துக்கு ஒருவர் அழைத்துப் போகலாம். 1899இல் அமைந்தது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை விஞ்ஞானி எவர்ஷெட் 1909இல் கண்டறிந்தது அங்கேதான். உலகம் முழுக்க அதை இன்றும் எவர்ஷெட் விளைவு என்றே சொல்கிறார்கள். அதில் ஆர்வமில்லாத நாலு பேரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனால், ஆர்வமுள்ள பிள்ளைக்கும் கெட்டுப்போகும்.

நேரத்தை மட்டும் மலை சொல்கிறபடி கேட்கவேண்டும். தூரக் காட்சி எல்லாம் காலையில்தான். கோக்கர்ஸ் வாக் என்கிற மலைவிளிம்புப் பாதை 1 கிலோமீட்டர்தான், விடிந்ததும் போனால் கீழே சமவெளி தெளிவாக விரியும். பகல் ஏற ஏற பனி மேலே வரும். முதுகுக்குப் பின்னால் வெயிலும் எதிரே பனியும் அமைந்தால், உங்கள் நிழலே பனியில் விழுந்து அதைச் சுற்றி வானவில் வளையம் கட்டும். அது பார்க்கிற ஒவ்வொருவருக்கும் அவரவர் நிழல் தலையைச் சுற்றித்தான் தெரியும், பக்கத்தில் நிற்பவருக்குக் காட்ட முடியாது. கோடை மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல். அந்த நேரத்தைத் தூக்கத்துக்கும் சீட்டுக்கட்டுக்கும் விட்டுவிடலாம். இருட்டுவதற்குள் எல்லாரும் திரும்பிவிடவேண்டும். காட்டுமாடுகள் ஊருக்குள்ளேயே நடமாடும், அவற்றுக்கு வழி விடுவதுதான் மரியாதை.

இரவுச் சாப்பாட்டின்போது பாருங்கள். எதிர்க்கரையில் கையசைத்தது யார் என்று ஒரு சண்டை, குதிரையின் பெயர் என்ன என்று ஒரு சண்டை. ஓரமாக உட்கார்ந்திருந்த தாத்தாவிடம்தான் அதிகச் சரக்கு இருக்கும்.

இதெல்லாம் நடக்க ஒரே ஒரு நிபந்தனை. விடுதி ஏரிக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கவேண்டும். ஊருக்கு வெளியே பள்ளத்தாக்கைப் பார்த்த பெரிய அறை மலிவாகக் கிடைக்கிறதே என்று போட்டுவிட்டால், மறுபடியும் எல்லாருக்கும் அந்த ஒரே வேன்தான் கதி. அறை சின்னதாக இருந்தால் என்ன, அதில் தூங்கத்தானே போகிறோம்? மலைக்கு வர வண்டிக்கு இ-பாஸ் எடுக்கும்போதே மறக்காமல் விடுதிக்காரரிடம் போனில் கேளுங்கள்: “ஏரிக்கு எங்க மாமியாரால் நடந்தே வர முடியுமா?” காரில் ஐந்து நிமிடம்தான் என்று அவர் சொன்னால், வேறு விடுதி பாருங்கள்.