நான்கு இரவுகளுக்கு ஒரு வீடு

குடும்பத்தோடு உல்லாசப் பயணம் புறப்படுகிறவர்கள், எதைப் பார்ப்பது என்பதில் விரைவில் உடன்பட்டு விடுவார்கள். எங்கே தங்குவது என்பதில்தான் கருத்துகள் பல திசைகளில் பிரியும். 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம், அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் வாழும் மகளின் இல்லத்தில் நாங்கள் இருவரும் தங்கியிருந்தபோது இதனை நேரில் கண்டோம். புளோரிடா மாநிலத்திலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குக் காரில் சென்று நான்கு இரவுகள் தங்கி வருவதென முடிவாயிற்று. நாங்கள் இருவர், மகள், மருமகன், ஒன்பது வயதுப் பேத்தி, நான்கு வயதுப் பேரன் என ஆறு பேர். எந்த விடுதி என்ற கேள்வி மட்டும் ஒரு வாரம் முழுவதும் உணவு மேசையை விட்டு அகலவில்லை.

அந்த உல்லாச நகரைப் பற்றி இங்கே சிறிது சொல்லுதல் தகும். 1971-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் அது திறக்கப்பட்டபோது அங்கே ஒரு பூங்காவும் இரண்டு விடுதிகளுமே இருந்தன. இன்றோ ஏறத்தாழ நூறு சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பில் நான்கு பெரும் பூங்காக்களும், இருபதுக்கும் மேற்பட்ட விடுதிகளும் உள்ளன. ஒவ்வொரு விடுதியும் ஒரு கதையை உடுத்தி நிற்கிறது எனலாம். தொடக்க நாள் முதல் உள்ள கன்டெம்பரரி விடுதியின் நடுக்கூடத்தின் ஊடாகவே மோனோரயில் ஓடுகிறது. 1994-இல் எழுந்த வில்டர்னஸ் லாட்ஜ், அமெரிக்க மேற்கு மாநிலங்களின் மரத்தாலான பழைய மலைவிடுதிகளைப் போன்றது. 2001-இல் திறக்கப்பட்ட அனிமல் கிங்டம் லாட்ஜில் பல அறைகளின் மாடத்தில் நின்றாலே ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேய்வதைக் காணலாம். 2012-இல் வந்த ஆர்ட் ஆஃப் அனிமேஷன் விடுதியோ, குழந்தைகள் திரையில் கண்ட மீனையும் சிங்கத்தையும் மாளிகை உயரத்திற்கு நிறுத்தியிருக்கிறது.

இவ்விடுதிகள் எளியவை, நடுத்தரமானவை, உயர்ந்தவை எனப் படிகளாக வகுக்கப்பட்டுள்ளன. எளிய அறையின் வாடகையைப் போல் உயர்ந்த அறைக்கு மூன்று மடங்கும் அதற்கு மேலும் ஆவதுண்டு. மருமகனின் விருப்பம் ஒட்டகச்சிவிங்கிகள் மீதிருந்தது. பேத்திக்கு மீன்கள் வேண்டும். பேரனுக்கு நீச்சல் குளம் ஒன்றே போதும். மகளோ மோனோரயில் ஓடும் விடுதியிலேயே உறுதியாக நின்றாள்.

“அப்பா, நீங்களும் அம்மாவும் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். உங்களை எளிய விடுதியில் தங்க வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அம்மாவின் முழங்காலுக்கும் அதுவே நல்லது” என்றாள்.

அச்சொற்களின் பின்னே இருந்தது விடுதியைப் பற்றிய எண்ணம் மட்டுமன்று என்பது எங்களுக்குத் தெரியும். அவள் கடல் கடந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவ்வாண்டுகளில் நாங்கள் ஒரே கூரையின் கீழ் உறங்கிய நாட்களை எண்ணிவிடலாம். எண்ணிக்கையில் குறைந்ததை விலையில் ஈடுசெய்ய அவள் விரும்பினாள். பெற்ற மனம் அதனை உணர்ந்து நெகிழ்ந்தது, ஆயினும் இசையவில்லை.

அன்றிரவு மருமகனோடு அமர்ந்து கணக்குப் பார்த்தோம். கன்டெம்பரரியின் வழக்கமான அறையில் ஐவர் வரையே தங்கலாம். எங்களுக்கு இரண்டு அறைகள் வேண்டும். மிக எளிய விடுதியிலும் அறைக்கு நால்வர் என்பதால் அங்கும் இரண்டே. ஆர்ட் ஆஃப் அனிமேஷனிலோ ஆறு பேர் தங்கும் குடும்பத் தொகுப்பு உண்டு. ஒரு படுக்கையறை, விரித்தால் கட்டிலாகும் சோபாவும் மேசையும், இரண்டு குளியலறைகள், சிறு குளிர்பெட்டி, மைக்ரோவேவ் அடுப்பு ஆகிய யாவும் ஒரே கதவுக்குள் அமைந்துள்ளன. இரண்டு எளிய அறைகள் இதனினும் மலிவாக அமையக்கூடும். ஆனால் அவை இரண்டு கதவுகள்.

டிஸ்னி நிறுவனத்தின் விடுதிகளில் தங்குவோர் அனைவரும், படி எதுவாயினும், பூங்காவுக்குள் அரைமணி நேரம் முன்னதாக நுழையலாம். சில இரவுகளில் கூடுதல் நேரம் உலவும் சலுகை மட்டும் உயர்ந்த விடுதிகளுக்கே உரியது. மாலையிலேயே கண்ணயரும் பேரனை வைத்துக்கொண்டு அதனால் எங்களுக்கு என்ன பயன்? முழங்காலைப் பொறுத்தவரை, 2019-இல் அமைக்கப்பட்ட ஸ்கைலைனர் என்னும் கம்பிவட ஊர்தி அவ்விடுதியின் அருகிலிருந்தே புறப்படுகிறது. நகர்ந்துகொண்டே வரும் பெட்டியில் ஏற இயலாதவர்களை, பெட்டியை நிறுத்தி ஏற்றும் ஏற்பாடும் உண்டு.

எல்லாவற்றையும் மகளிடம் எடுத்துரைத்துவிட்டு, “அம்மா, எங்களுக்கு அந்த மோனோரயில் வேண்டாம். நண்பகலில் இரண்டு மணி நேரம் நாம் அறுவரும் ஓரிடத்தில் இருக்க வேண்டும். மீதமாகும் பணம், அடுத்த ஆண்டு நீங்கள் ஊருக்கு வரும் விமானச் சீட்டில் சேரட்டும்” என்றோம். அவள் சற்று நேரம் பேசவில்லை. பின்பு எழுந்து சென்று, ஒட்டகச்சிவிங்கி விடுதியின் பக்கத்தைத் தானே கணினியில் மூடினாள்.

ஜூன் மாதப் புளோரிடாவில் காலை வெயில் கடுமையானது. பிற்பகலில் பெரும்பாலும் இடி மின்னலோடு மழை வரும். மின்னல் நெருங்கினால் கம்பிவட ஊர்தியும் நின்றுவிடும்; நீச்சல் குளத்தையும் மூடிவிடுவார்கள். ஆதலால் நாள்தோறும் பன்னிரண்டு மணிக்கே விடுதிக்குத் திரும்பினோம். கொண்டு சென்ற புளிச்சோற்றைச் சூடாக்கி உண்டோம். இரண்டாம் நாள் மழை சன்னலை அறைந்துகொண்டிருந்தபோது, அம்மாச்சி தம் சிறுவயதுப் புயற்காலக் கதை ஒன்றைத் தொடங்கினார். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் விடை சொல்லும் பேத்தி, கதை நின்ற இடத்தில், “அப்புறம், அம்மாச்சி?” என்று தமிழில் கேட்டாள். மகள் எங்கள் முகத்தைப் பார்த்தாள்.

ஒட்டகச்சிவிங்கிகளையும் தவறவிடவில்லை. அனிமல் கிங்டம் பூங்காவிலிருந்து அந்த லாட்ஜுக்குப் பேருந்து உண்டு. அங்கே தங்காதவர்களும் பொது மாடத்தில் நின்று பார்க்கலாம். மருமகன் அவற்றை வேண்டுமட்டும் படம் எடுத்துக்கொண்டார். ஞாயிறு திருப்பலிக்கு, சுற்றுலாப் பயணிகளை மனத்தில் கொண்டு ஆர்லாண்டோ மறைமாவட்டம் எழுப்பிய பிரபஞ்ச அரசி மரியா திருத்தலத்திற்குச் சென்றோம். 2009-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்ட ஆலயம் அது. டிஸ்னி நிலத்திற்கு வெளியே இருப்பதால் விடுதிப் பேருந்துகள் அங்கே செல்வதில்லை; எங்கள் காரே உதவியது.

குடும்பத்தோடு எங்குச் செல்வோரும், விடுதியின் சுவரில் எந்தக் கதை எழுதப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், தம் வீட்டில் முதலில் களைப்படைபவர் யார் என்று பார்ப்பது நலம். அவர் எத்தனை அடி நடக்க வேண்டும், எந்நேரம் படுக்க வேண்டும், அவர் படுத்திருக்கையில் மற்றவர்கள் எங்கே அமர்வார்கள் என்று கேட்டால் பாதித் தேர்வு முடிந்துவிடும். பிள்ளைகள் பெற்றோருக்காகச் செலவிட முன்வரும்போது, அந்த அன்பை முழு மனத்தோடு ஏற்றுக்கொண்டு, செலவை மட்டும் குறைத்துத் தருவது பெரியவர்களுக்குரிய கடமை என்பது எங்கள் தாழ்மையான கருத்து.